சனியின் இரண்டு சிறு நிலவுகள்

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கால் உடைந்ததில், சூளகிரி வீட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். கம்பெனியில் என் வேலை, உதிரிபாகங்களைக் கேமராவில் பெரிதாக்கி அளவு சரிபார்ப்பது. சும்மா இருக்க எனக்குப் பழக்கமில்லை. ஒரு விண்கலம் பல ஆண்டுகள் சனிக்கோளைச் சுற்றி எடுத்த படங்கள் இணையத்தில் கிடைத்தன. அவற்றில் புள்ளியாகத் தெரிந்த சிறு நிலவுகளை அளக்கத் தொடங்கினேன்.

பின்னணியிலுள்ள நட்சத்திரங்களை வைத்து, கேமரா எந்தத் திசையில் பார்த்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு நிலவின் மையத்தைக் குறிக்க வேண்டும். பல படங்கள் சேர்ந்தால் அது சுற்றும் பாதையைக் கணக்கிடலாம். வலி மாத்திரையின் மயக்கத்தில் மதியங்கள் மிதந்தன. கண்ணை மூடினாலும் இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் சனியின் வளையங்களுக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

ஒரு நிலவு மட்டும் பிடிபடவில்லை. முந்தைய படங்களுக்குப் பொருந்திய பாதை பிந்தையவற்றுக்குப் பொருந்தவில்லை. நிலவு என் கணக்கைவிடப் பின்தங்கிக்கொண்டே போனது. மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தும் சரிவராமல் அழுகை வந்துவிட்டது.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாமே, அழுதியா?"

"இந்த நெலா இந்தப் படம் வரைக்கும் ஒழுங்கா போவுதுங்க. அப்புறம் ஸ்லோ ஆயிடுது."

"அதே ரோட்ல வேற எதனா வருதா பாரு."

தேடினேன். கிட்டத்தட்ட அதே பாதையில் இன்னொரு சிறு நிலவு இருந்தது. என் நிலவு மெதுவான அதே சமயத்தில் அது வேகம் பிடித்திருந்தது. உள்ளே சுற்றியது வெளியே போயிருந்தது, வெளியே சுற்றியது உள்ளே வந்திருந்தது. அந்தப் பாதைகளுக்கு இடையிலான தூரம் நிலவுகளின் அகலத்தைவிடக் குறைவு.

அவரிடம் சொன்னதும், "அப்ப மோதிக்காதா?" என்றார்.

"இல்லைங்க. கிட்ட வர்றப்பவே ஒண்ண ஒண்ணு இழுத்து, எடம் மாத்திக்கிட்டு விலகிடுதுங்க."

நான்காண்டுக்கு ஒருமுறை அவை அப்படி மாறுவது விஞ்ஞானிகளுக்கு எப்போதோ தெரியும் என்று பிறகு படித்தேன். வருத்தம் வரவில்லை. நானே என் கையால் அளந்து கண்டதல்லவா.

அன்று பொழுது சாய்ந்ததும் அவர் தோளைப் பிடித்து மொட்டைமாடிக்கு நொண்டி ஏறினேன். கிழக்கே, கிருஷ்ணகிரிப் பக்கம், மங்கிய மஞ்சளாக ஒரு புள்ளி.

"சனியப் போய் யாராவது தேடிப் பாப்பாங்களா?" என்று சிரித்தவர், என் பக்கம் குனிந்து, "எங்கமே, அதுவா?" என்றார்.

விரல் நீட்டிக் காட்டினேன்.