ஆளில்லாக் கோயிலில் ஓர் ஆரஞ்சு

கூரையில் பாதி இல்லை. தரையில் மீதி இல்லை. ஆனாலும் இசோபே வாசலிலேயே ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்க வைத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார்.

"என்னங்க, ஆணி குத்தும்!" என்று காருக்குள்ளிருந்து கத்தினாள் மனைவி மித்சுயோ. "உங்களுக்குத்தான் சாமியே கெடையாதே, யாருக்கு இந்த மரியாதை?"

"ஒரு வீட்டுக்குள்ள ஷூவோட போவாங்களா?"

"யார் வீடு?"

இசோபே பலகை பலகையாகப் பார்த்துக் கால் வைத்தார். போன மாதம்தான் ஆணி குத்தி ஊசி போட்டுக்கொண்டவர்.

வயது ஐம்பத்து நாலு. தொழில் கல்யாணப் போட்டோ. ஒசாகாவில் ஓர் ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் வண்ணக் கண்ணாடி, சிலுவை எல்லாம் வைத்து ஒரு மாதா கோயில் செய்திருக்கிறார்கள். அங்கே பாதிரியாராக வந்து நிற்கும் வெள்ளைக்காரர் மற்ற நாட்களில் இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவர். மணமக்களில் ஒரு கிறிஸ்தவரையும் இசோபே இதுவரை கண்டதில்லை. ஆனால் கண்ணீர் அசல், குளோசப்பில் பார்த்திருக்கிறார்.

"பொம்மைக் கோயிலுக்கு ஆறு மாசம் முன்னாடியே புக்கிங். நெஜக் கோயில்ல நரி குட்டி போடுது." இதுதான் அவருடைய மொத்தத் தத்துவம். பாழடைந்த கோயில்களைப் படமெடுக்கப் போய் அந்த நரிகளைத் தொந்தரவு செய்வதில் அவருடைய விடுமுறை நாட்கள் கழிகின்றன. ஓரிடத்தில் நிற்க மாட்டார். லென்சை மாற்றுவார், பழையதையே திரும்ப மாட்டுவார், வாட்ச்சைப் பார்ப்பார், வானத்தைப் பார்த்துவிட்டு வாட்ச்தான் தப்பு என்பார்.

அன்றைக்குப் பதற்றத்துக்குக் காரணமும் இருந்தது. அடுத்த வாரம் கண்காட்சி. தலைப்பு, 'யாருமில்லை'. எந்தப் படத்திலும் மனித வாடையே இருக்காது என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. நடுச்சுவர் இந்தக் கோயிலின் வெறும் பீடத்துக்கு. புத்தரை முறைப்படி பூசை செய்து நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், திங்கட்கிழமை இடிக்கிறார்கள். கூரை ஓட்டை வழியாகப் பீடத்தில் வெயில் விழுவது வெறும் கால் மணி நேரம்.

வெயில் விழுந்தது. பீடத்தின் மேல், முன்பக்கமாக, புத்தம் புதிதாக ஓர் ஆரஞ்சு, இலையோடு.

மித்சுயோ இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "ஓரமா எடுத்து வச்சிட்டுப் படம் புடிங்க."

"யாரோ வேண்டிக்கிட்டு வச்சிருக்காங்க. கேக்காம எப்படி?"

பீடத்துக்குப் போனார், கையை நீட்டினார், திரும்பி வந்தார். லென்சை மாற்றினார். மறுபடி போனார். பத்து நிமிடம் இப்படியே போயிற்று.

அப்போது கூடையோடு மேலேறி வந்தார், கீழே பழத்தோட்டம் வைத்திருக்கும் ஹமானோ.

"அட, அதுவா? கொரங்குக்கு வைக்கிறதுங்க. இங்க ஒண்ணு கெடைச்சா என் தோட்டத்துக்கு எறங்காதுன்னுதான்."

"எறங்கலியா?" என்றாள் மித்சுயோ.

"தெனம் எறங்குது."

"அப்புறம் எதுக்கு வைக்கிறீங்க?"

"வைக்காம விட்டா இன்னும் நெறைய வந்துருமோன்னு ஒரு பயந்தான். நீங்க தாராளமா எடுத்துப் போடுங்க, போட்டோக்காரரே."

வெயில் பீடத்தின் விளிம்புக்கு நகர்ந்திருந்தது. இசோபே இரண்டு கையாலும் பழத்தைத் தூக்கி மித்சுயோவிடம் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்து மூன்று படம் எடுத்தார். பிறகு பழத்தை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். ஓரடி பின்வாங்கிப் பார்த்தார்; மனசு ஒப்பவில்லை. திரும்பப் போய், இலை இருந்த அழகான பக்கம், புத்தர் இருந்த இடத்தைப் பார்க்கும்படித் திருப்பி வைத்தார்.