ஒரு படி அரிசிக்கு ஆறு சக்கரம்

மலையாளச் சீமையில் அரிசி வாங்கப் போகிறவன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும் என்று நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். அப்போது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. பல்லோடு சேர்ந்து புத்தியும் கொஞ்சம் விழுந்திருக்கலாம்.

எங்களுக்குப் பண்ணைப்புரத்துப் பக்கம். தலையை நிமிர்த்தினால் மலை. மலைக்கு மேலே திருவாங்கூர் ராஜாவின் சீமை. வேறு ராஜா, வேறு பேச்சு, வேறு காசு. அடுத்தடுத்து மழை ஏமாற்றியதில் எங்கள் அய்யா அங்கே ஏலத்தோட்டத்துக் கூலியாக ஏறிப் போய்விட்டார். ஆத்தாவும் நானும் கைக்குழந்தையான தங்கச்சியும் மாமா வீட்டில் ஒண்டினோம். மாமா, ஆத்தாவுக்கு மூத்தவர். அவருடைய சொத்தெல்லாம் ஒரு மாட்டு வண்டி. பள்ளத்தாக்கு அரிசியை ஏற்றிக்கொண்டு கூடலூர் வரைக்கும் போவார். அங்கிருந்து பொதிமாடுகள் அதை மலைக்கு ஏற்றும். அந்த வண்டி உருண்டால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இது எனக்கே தெரியும்.

தைப் பொங்கலுக்கு அய்யா இறங்கி வந்தார், எங்களைக் கூட்டிப் போக. ஆள் பாதியாகியிருந்தார். வந்ததும் வாசலில் உட்கார்ந்து, "கொஞ்சம் வெள்ளம் எடு" என்றார். நான் அலறிப் புடைத்து ஓடைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். கணுக்கால் நனைகிற அளவுகூட ஓடவில்லை. திரும்பி வந்தபோது அய்யா செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆத்தா, "வெள்ளமாம்ல வெள்ளம்! போன இடத்துல நாக்கையும் மாத்திக் கட்டிட்டு வந்துட்டாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அந்த ஊர்ச் சொல்லை நம் ஊர்க் காதால் கேட்கக் கூடாது என்று. உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் வண்டிக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருந்தேன். பெரியவர்கள் வண்டியை ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன ஒரு படி அரிசி ஆறு சக்கரம் மச்சான்" என்றார் அய்யா.

"ஆறா! இங்கனருந்து போற அரிசிதானே மாப்ள?" என்றார் மாமா.

"அரிசி என்ன, நடந்தா ஏறுது? மாட்டுக்காரனுக்கு ஒண்ணு, சுங்கத்துக்கு ஒண்ணு, கடைக்காரன் தொப்பைக்கு ரெண்டு. மழை பிடிச்சுக்கிட்டா எட்டும்பான். உப்புக்குச் சக்கரம், புகையிலைக்குச் சக்கரம். அந்தக் குளிருக்குக் கம்பளி இல்லாட்டி விறைச்சுப் போவம். ஒரு கம்பளி வாங்குனேன், கையில கிடந்த சக்கரம் அம்புட்டும் போச்சு."

வண்டிக்கு அடியில் படுத்தபடியே எனக்கு வியர்த்தது. ஆறு சக்கரம் என்றால் மூன்று வண்டி. மூன்று வண்டியை முடமாக்கி ஒரு படி அரிசி! அதுவும் நான் உட்கார்ந்து தின்றால் ஒரு படி எந்த மூலைக்கு? கம்பளிக்காக அய்யா யார் யார் வண்டியைக் கழற்றினாரோ, போலீசு தேடுகிறதோ, அதனால்தான் இளைத்துப் போனாரோ என்று என் யோசனை எங்கெங்கோ ஓடியது.

அப்போதுதான் ஆத்தா அந்த வார்த்தையைச் சொன்னாள்: "ரெண்டையும் கொண்டுக்கிட்டுப் போனாக் கட்டாதுண்ணே. ஒண்ணை இங்கன விட்டுட்டுப் போறோம்."

மாமா, "விட்டுட்டுப் போ தாயி. எங்கிட்ட இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் இடப்பக்கம் பார்த்தேன், ஒரு சக்கரம். வலப்பக்கம் பார்த்தேன், ஒரு சக்கரம். ஆக, மாமாவின் வண்டிக்கே உலை வைத்துவிட்டார்கள்! ஒற்றைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதை ஓட்டுவார்? கேட்டதும் தூக்கிக் கொடுக்கிறாரே, இப்படியும் ஒரு ஏமாளி உண்டா? ஆத்தா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னே, அண்ணன் பிழைப்பில் கை வைக்கிறாளே, அழுகை வராமல் என்ன செய்யும் என்று அதற்கும் நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் வண்டியில் சாமான் ஏற்றினார்கள். சட்டி, பானை, பாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூட்டை அரிசி. எல்லோரும் சாப்பிட உள்ளே போன சமயம் பார்த்து, கிணற்றடியில் கிடந்த பழைய கமலைக் கயிற்றை இழுத்து வந்தேன். ஒரு சக்கரத்தின் ஆரக்கால்களில் நுழைத்துச் சுற்றி, மறுமுனையைப் பூவரச மரத்தில் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. அதையே மேலுக்கு மேல் போட்டேன். இன்னொரு சக்கரத்துக்குக் கயிறு காணவில்லை. போகட்டும், ஒன்றையாவது காப்பாற்றினோம் என்று வீரனாகப் போய்ப் படுத்தேன்.

விடியும்போது ஒரே பனி. மாமா மாட்டைப் பூட்டி அதட்டினார். மாடுகள் முக்கின, வண்டி நகரவில்லை. "மாட்டுக்கே போக மனசில்லை பாருங்க" என்றாள் அத்தை. மாமாவுக்கு ரோஷம் வந்து சாட்டையை வீசினார். மாடுகள் துள்ளின. கட்டிய சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, கட்டாத சக்கரம் சுற்றிக்கொண்டு வர, வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. மேலே இருந்த அரிசி மூட்டை கீழே விழுந்து வாய் பிளந்து, சாணிச் சகதியில் கொட்டியது.

"ஏலே! எவன் பாத்த வேலைடா இது?" மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"சக்கரத்தைக் குடுக்க மாட்டேன்! குடுத்தா வண்டி எப்படி ஓடும்?" என்று நான் அதற்கு மேலே கத்தினேன்.

யாருக்கும் விளங்கவில்லை. அய்யாவுக்குத்தான் முதலில் விளங்கியது. மடியை அவிழ்த்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளிக்காசு. என் வாயிலிருந்து விழுந்த பல் இதைவிடப் பெரிது.

"இதாண்டா அங்கத்திச் சக்கரம்" என்றார்.

அத்தை சிரித்த சிரிப்பில் தங்கச்சி விழித்து அழுதது. "இதை மாட்டி வண்டி ஓட்டுனா எலியைத்தான்டா பூட்டணும்" என்று மாமாவும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆத்தா மட்டும் குனிந்த தலை நிமிராமல் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக. பிறகு அய்யாவும் பக்கத்தில் குந்தினார். அத்தை முறத்தை எடுத்து வந்தாள். ஒரு மூட்டை அரிசிக்கு இப்படியா என்று எனக்கு ஆச்சரியம்.

கயிற்றை அறுத்து வண்டியை நிமிர்த்தி, தேறின அரிசியைக் கட்டி ஏற்றினார்கள். ஆத்தா தங்கச்சியோடு ஏறினாள். நான் சக்கரத்தில் கால் வைத்துத் தொற்றி ஏறியபோது அத்தை என் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அப்போது பிடித்த பயம் போல் பிறகு எந்தப் பயமும் என்னைப் பிடித்ததில்லை.

"இனிமே கட்ட மாட்டேன் ஆத்தா! மிச்ச அரிசியெல்லாம் நானே பொறுக்கித் தாரேன் ஆத்தா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அரிசியைக் கொட்டியதற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்; முகம் கொடுக்காமல் போனவள் மேல் வீம்பும் வைத்திருந்தேன்.

கயிற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அய்யாவும் ஆத்தாவும் சேர்ந்து வாங்கும் கூலி அந்த மலையில் இரண்டு பேர் சோற்றுக்குத்தான் கட்டும். தங்கச்சி பால் குடிக்கிற பிள்ளை, அவளுக்கு அரிசி வேண்டாம். எனக்கு வேண்டும். அதனால் அவளைக் கொண்டு போனார்கள், என்னை விட்டுப் போனார்கள்.