சந்திரவதனா ரீச்சரின் ‘மனேஜ்’

இரண்டு பைகளையும் வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, இடக்கையால் கைப்பிடியைப் பற்றியபடி, லண்டன் இல்ஃபோர்டில் உள்ள ஒரு சமூக நிலையத்தின் மாடிப்படியில் ஏறுகிறார் சந்திரவதனா. முழங்கால் மடங்க மறுக்கிறது. பின்னால் வந்த மாணவர் ஒருவர் பையை வாங்கக் கை நீட்டுகிறார். “ஐ கான் மனேஜ்,” என்கிறார், திரும்பிப் பார்க்காமலே.

பைகளில் இருப்பது பாடம். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், செவ்வாய்க்கிழமைகளில் வயதான சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். வாரத்துக்கு ஒரு சொல். அதை நடித்தே காட்டுவார். ‘ஸ்பில்’ என்றால் தேநீர் உண்மையாகவே மேசையில் ஓடும்.

“அகராதி கருத்தைச் சொல்லும், தம்பி. ஆர், ஆருக்கு, எப்ப சொல்லுறது எண்டு சொல்லாது,” என்கிறார், வகுப்பைப் பார்க்க வந்திருக்கும் என்னிடம்.

போன வாரச் சொல் ‘மனேஜ்’. கடையை நிர்வகிப்பது என்ற பொருள் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டுப் புழக்கத்தை இவர் காட்டினார். இரு பைகளோடு கதவைத் தோளால் தள்ளி, மூச்சு வாங்க, சிரித்த முகத்தோடு, “ஐ கான் மனேஜ்.” நானே சமாளிப்பேன், உதவி வேண்டாம் என்று பொருள்.

இன்று திருமதி லியூ அந்தச் சொல்லைப் பயன்படுத்திய பெருமையோடு வந்திருந்தார். அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். உதவிக்கு ஆள் தேவையா என்று பார்க்க உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாராம். குளிப்பாட்ட முடிகிறதா, தூக்கி உட்காரவைக்க முடிகிறதா என்று கேட்டாராம். எல்லாவற்றுக்கும் லியூ சொன்னது அதே பதில். வந்தவர் பாராட்டிவிட்டுப் போய்விட்டார். ஆள் கிடையாது.

சந்திரவதனாவின் முகம் மாறியது. வகுப்பை நிறுத்திவிட்டுக் கவுன்சிலுக்குப் போன் போட்டார். வாதாடி, நாளைக்கே மறுபடி வரச் சம்மதிக்க வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “எங்கட சனமும் இப்பிடித்தான். ஏலாது எண்டு சொல்ல வாய் வராது,” என்றார்.

நாளைக்கு ‘ஏலாது’ என்று சொல்வதற்கான ஒத்திகை தொடங்கியது. கவுன்சில் பெண்ணாகச் சந்திரவதனாவே நடித்தார். “கான் யூ லிஃப்ட் ஹிம்?”

லியூ தன் இடுப்பைத் தடவிக்கொண்டார். “ஐ கான் மனேஜ்.”

மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். மூன்றாம் முறை லியூவின் கண் கலங்கியது, பதில் மாறவில்லை.

உணவகச் சமையலறையில் காலம் கழித்த திரு. சென் பின்வரிசையிலிருந்து ஆங்கிலத்தில் குறுக்கிட்டார்: “ரீச்சர் மட்டும் சொல்கிறாரா? அந்தப் பையை ஒருநாளாவது எங்களிடம் தந்ததுண்டா?”

வகுப்பே சிரித்தது. “வாய்க்காரன்,” என்றார் சந்திரவதனா தமிழில். ஆனால் காது சிவந்திருந்தது.

வகுப்பு முடிந்து, மாடிப்படியின் உச்சியில் லியூ வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார். சந்திரவதனா ஒரு படி இறங்கினார். நின்றார்.

“ஐ கான்ற் மனேஜ்,” என்றார், கூச்சத்தோடு. பாரமான பையை நீட்டினார்.

லியூ அதை வாங்கிக்கொண்டார். மறுகையால் தன் இடுப்பைத் தடவினார். பிறகு, மெல்லிய குரலில், “ஐ கான்ற் மனேஜ்.”

சந்திரவதனா கைப்பிடியை விட்டுவிட்டு, லியூவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.