அப்பா போட்ட முகமூடி

செருப்பைப் பார்த்ததும் முகமூடிக்குள் இருப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துரை பங்களாவின் குரோட்டன் செடிகளுக்குப் பின்னாலிருந்து, கறுப்புப் போர்வையும் கொம்பு வைத்த சிவப்பு ரப்பர் முகமுமாக ஓர் உருவம் பாய்ந்து வந்தது. பிள்ளைகள் அலறியபடி புல்தரையெங்கும் சிதறி ஓடினார்கள். நானும் ஓடியிருப்பேன். ஆனால் போர்வைக்குக் கீழே தெரிந்த பழுப்பு நிறச் செருப்பில், அறுந்த வாரை அம்மா கறுப்பு நூலால் தைத்திருந்த இடம் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சபைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பு. உருவம் என் பக்கம் திரும்பி ஒரு கணம் தயங்கியது. பிறகு கைகளை விரித்துக்கொண்டு வேறு பிள்ளைகளைத் துரத்திப் போனது. எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்பா இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். தோட்டத்துச் சிறிய கிறிஸ்தவ சபைக்கு மூப்பரும் அவர்தான். தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். நாங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வீடுகள். தீபாவளிக்கு அக்கம்பக்கத்திலிருந்து பலகாரத் தட்டு வந்தால், அப்பா வாசலிலேயே கும்பிட்டு, "மன்னிச்சிக்கங்க, நாங்க எடுக்கிறதில்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கோயில் மேளம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கடுமையானவர் என்று சொல்ல மாட்டேன். எவருக்காவது சுகமில்லையென்றால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். விசுவாசம் என்றால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் இருக்கிறது என்று மனதார நம்பினார்.

பங்களாவில் சமைத்தவரை எல்லாரும் அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அப்பு மாமா. நெடிய ஆள், கனத்த குரல். மாசி மாதம் மன்மதன் கதையைக் காமன் கூத்தாக ஆடும்போது யமன் வேஷம் எப்போதும் அவருக்குத்தான். அட்டையில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிக் கிரீடத்தைத் தன் கையாலேயே செய்திருந்தார். பாசக்கயிற்றைச் சுழற்றியபடி அவர் களத்துக்குள் இறங்கினால் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு சிரிப்பார்களாம். நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அப்பா அந்தப் பக்கம் விட்டதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அப்பு மாமாவின் மனைவி காய்ச்சலில் பிழைக்க மாட்டார் என்று ஆனது. அப்பாதான் தோட்டத்து லொறியை எடுத்து, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். அத்தை பிழைத்து வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சபையின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். சில மாதங்களில் ஞானஸ்நானமும் எடுத்தார்கள். அதற்கு முன் போதகரும் அப்பாவும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கூத்துச் சாமான்கள் வீட்டில் இருக்கக்கூடாது.

சபைக்கு முன்னாலிருந்த வெட்டவெளியில் அவற்றைக் கொளுத்தினார்கள். மண்ணெண்ணெய் ஊற்றியது அப்பா. தீக்குச்சியைக் கிழித்தது அப்பு மாமா. கிரீடத்தில் இருந்த கண்ணாடித் துண்டுகள் சூட்டில் ஒவ்வொன்றாக வெடித்தன. சபையார் பாட்டுப் பாடினார்கள். தூரத்தில் லயத்து ஆட்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு அப்பு மாமாவின் சொந்தத் தம்பியே நெடுநாள் அவரோடு பேசவில்லை.

தோட்டத்தை நிர்வகித்த துரையின் மனைவி துரைசாணி கொழும்பு அம்மா. சிங்களக் கிறிஸ்தவர். நல்ல மனுஷி. எங்கள் சபைக்குக் கூரைத் தகரம் போட்டுக் கொடுத்தவர். கொழும்பில் பெரிய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த அவருடைய பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்த ஓர் ஐப்பசியில், ஹாலோவீன் விருந்து வைக்கப்போவதாகச் சொல்லி, உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்தார். அந்தப் பெயரையே அன்றுதான் நாங்கள் கேள்விப்பட்டோம்.

விருந்துக்கு முந்தின நாள் அப்பு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பூசணிக்காயைக் குடைந்து, பல்லும் கண்ணும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"பேய் மூஞ்சிங்க ஐயா. நம்ம சபைக்கு இது ஆகுமுங்களா?"

அப்பா சிரித்தார். "அது வெளிநாட்டுப் பிள்ளைங்க விளையாட்டு அப்பு. இதுல சாமி கும்பிடுறதா இருக்கு?"

"கூத்துலயும் பிள்ளைங்க சிரிக்கத்தானுங்க செஞ்சாங்க" என்றார் அப்பு மாமா. அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வந்திருந்தார். அப்பா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பங்களாப் புல்தரையில் பூசணி முகங்கள் வரிசையாக எரிந்தன. துரைசாணியின் மகள் என் கன்னத்தில் மையால் பூனை மீசை வரைந்துவிட்டாள். போதகரும் வந்திருந்தார். ஜெபம் சொல்லி விருந்தைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். கேக் வெட்டி முடிந்ததும் துரைசாணி ரப்பர் முகமூடியை எடுத்துக்கொண்டு அப்பு மாமாவிடம் வந்தார். முன்பு அவர் யமனாக ஆடுவார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்து என்று சிங்களத்தில் சிரித்தபடி சொன்னார்.

"மட்ட பே, நோனா" என்றார் அப்பு மாமா. என்னால் முடியாது அம்மா. தட்டை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார்.

துரைசாணியின் சிரிப்பு அப்படியே நின்றது. போதகர் கையில் கேக்கோடு எழுந்து வந்தார். "போடுங்க அப்பு, அம்மா ஆசையா கேக்குறாங்க. சும்மா விளையாட்டுக்குத்தானே."

"நீங்கதானுங்களே பாஸ்டர் எரிக்கச் சொன்னீங்க" என்றார் அப்பு மாமா, மெதுவாக. சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. போதகர் காதில் விழாததுபோல துரைசாணியைப் பார்த்தார்.

அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார். "நான் போடுறேன் மேடம்" என்று சொல்லி முகமூடியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். விளையாட்டு முடிந்து, அப்பா முகமூடியைக் கழற்றியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவர் முகம் முழுவதும் வியர்வை. அப்பு மாமா சமையலறையிலிருந்து துவாயைக் கொண்டுவந்து நீட்டினார். "தொடச்சிக்கங்க ஐயா." அப்பா வாங்கிக்கொண்டார். ஆனால் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. வீட்டில் அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டு என் மீசையை அழித்துக்கொண்டே, "யாரு பேயா வந்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் அப்பா. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த மாசியில் காமன் கூத்து நடந்தது. அப்பு மாமாவின் தம்பி மகன் முதல்முறையாக யமன் கட்டினான். அப்பு மாமா ரோட்டோரம் நின்று அதைப் பார்த்தாராம். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எல்லாரும் உட்கார்ந்திருக்க, போதகர் அவரை எழுப்பி விசாரித்தார்.

"பாத்தேனுங்க. நான் தூக்கி வளத்த பிள்ளை. ஆட்டத்தைப் பாக்கணும்போல இருந்துச்சு."

கொஞ்ச காலத்துக்கு, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து கிடையாது என்றார் போதகர். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "மூப்பர் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். பங்களா விருந்தில் இருந்த பாதிப் பேர் அங்கேயும் இருந்தார்கள். அப்பா எழுந்து, தொண்டையைச் செருமி, "பாஸ்டர் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பு மாமா தலையை ஆட்டிக்கொண்டார். என் பக்கத்திலிருந்த அம்மாவின் கை என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்தது. அதற்குள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பு மாமா சபையை விட்டுப் போகவில்லை. திருவிருந்துத் தட்டு வரும்போதெல்லாம், தான் எடுக்காமல், அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். சில வாரங்களில் அப்பாவும் எடுப்பதை நிறுத்தினார். காரணம் கேட்டவர்களிடம் ஏதோ மருந்து குடிப்பதாகச் சொன்னார். மூப்பர் பொறுப்பையும் விட்டார். அப்பு மாமாவிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அதை மட்டும் அவர் செய்யவில்லை. எதிரே அப்பு மாமா வந்தால் குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவார்.

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். என் மகளின் பள்ளிக்கூடத்திலும் ஹாலோவீன் வருகிறது. கிறிஸ்தவப் பிள்ளைகள் வேஷம் கட்டலாமா கூடாதா என்று சபைப் பெண்கள் ஒவ்வொரு வருஷமும் வாதாடுகிறார்கள்; என்னையும் கேட்கிறார்கள். பிள்ளையை அனுப்புவதும் அனுப்பாததும் அவரவர் மனச்சாட்சி என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். லயத்தில் நடந்தால் பாவம், பங்களாவில் நடந்தால் விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்ன வீட்டில் வளர்ந்தவள் நான்.

என்னோடு கொழும்பில் இருந்த அப்பா போன வருஷம் இறந்தார். அடக்கத்துக்கு அப்பு மாமா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா கடைசியா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா பாப்பா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. முடியவில்லை. "இல்ல மாமா" என்றேன்.

"பரவாயில்லம்மா. அவங்க வெக்கப்பட்டாங்க. எனக்குத் தெரியும்" என்றார். பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய், அப்பாவின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தார்.