மெக்கானிக்கம்மாவின் மூக்கு

சட்டை தைக்கும் ஆலையில் அவளை எல்லோரும் மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தையல் மிஷின் மக்கர் பண்ணினாலும் அவள்தான் வர வேண்டும். வந்ததும் ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்ப்பாள். ஒரே ஒரு திருகைக் கொஞ்சமாகத் திருப்புவாள். மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். சரியாகவில்லை என்றால் அந்தத் திருகைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பாள். ஊசி, நூல், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி மிஷினை ஓட வைக்கிற ஆட்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. மிஷின் ஓடும்தான். ஆனால் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, நாளைக்கு நின்றால் மறுபடி முழிக்க வேண்டியதுதான் என்பாள்.

இந்த நிதானம் ஆலைக்குச் சரி. வீட்டில் இதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய நாத்தனார். கணவனுக்கு மூத்தவர், தெருமுனையில் சலவைக்கடை நடத்துகிறவர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டுத் தம்பி குடும்பத்தோடு குடியிருந்தார். நினைத்தது நினைத்த நிமிஷமே நடந்தாக வேண்டும் அவருக்கு. தம்பி பெண்டாட்டியிடம் கொள்ளைப் பிரியம் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம்தான் கிடையாது.

மெக்கானிக்கம்மாவுக்குப் பல வருஷமாக சைனஸ். குளிர்காற்று பட்டால் நெற்றி கல்லாகக் கனக்கும். போதாக்குறைக்கு ஆலையில் பறக்கும் பஞ்சுத்தூசி வேறு. தலைவலியை அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மணம் போனதுதான் அவளை அரித்தது. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மூக்குக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. பிறந்த பெண்ணை வந்தவர்கள் எல்லாம் தூக்கி உச்சி முகர்ந்து, அடடா, என்ன பால் மணம் என்று சொல்லச் சொல்ல, பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா சிரித்துவைத்தாள். இப்போது அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் தூங்கும் மகளின் தலையில் மூக்கை வைத்துக்கொண்டு அவள் வாயால் மூச்சு வாங்குவதை நாத்தனார் பார்த்துவிட்டார்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு இவகிட்ட இருக்கு அண்ணி. பெத்தவ எனக்குத்தான் அது தெரியல."

அன்றிலிருந்து அந்த மூக்கு அவருடைய பொறுப்பாகிவிட்டது.

மூக்கு டாக்டர் எதையும் மறைக்கவில்லை. உள்ளே சதை வளர்ந்திருக்கிறது, ஸ்ப்ரே அடித்துப் பார்த்தும் சுருங்கவில்லை, ஆபரேஷன் செய்தால் மூச்சு நன்றாக வரும், மணம் வரலாம், வராமலும் போகலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். தேதியும் குறித்துக் கொடுத்தார். அதுவரை வேறு வைத்தியம் செய்து பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, மூக்கைப் புண்ணாக்காத எதையும் செய்துகொள்ளுங்கள் என்றார்.

போதுமே நாத்தனாருக்கு. சலவைக்கு வருகிறவர்கள் துணியோடு ஆளுக்கொரு வைத்தியத்தையும் கொண்டுவந்து கொட்டினார்கள். காலையில் மூக்கில் எண்ணெய், மத்தியானம் மூலிகைப் புகை, சாயங்காலம் ஆவி, இடையில் மிளகுக் கஷாயம். ஒரு வாரம் தாங்கிய மூக்கு அப்புறம் எரிந்து ரத்தம் எட்டிப்பார்த்தது. மெக்கானிக்கம்மா கோபப்படவில்லை. எல்லாப் புட்டிகளையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினாள்.

"மூக்கும் மிஷின் மாதிரிதான் அண்ணி. ஒரு நேரத்துல ஒண்ணுதான். ஒண்ணு வேலை செய்யுதா இல்லையான்னு தெரிஞ்ச அப்புறம்தான் அடுத்தது."

அப்படியே செய்தாள். முதலில் ஆவி. துண்டைப் போர்த்திக்கொண்டிருக்கும்வரை சுகம், துண்டு காய்வதற்குள் மூக்கு பழையபடி அடைத்துக்கொண்டது. சரி, இது சரிப்படாது என்று விட்டாள். அடுத்து எண்ணெய். உள்ளே காய்ந்து போவது நின்றது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஊசி குத்தும் வைத்தியரிடமும் போனாள். முகமெல்லாம் ஊசியோடு படுத்திருந்தவளைப் பார்த்து, இங்கேயும் தையல் வேலைதானா என்று நாத்தனார் கேட்டுவைத்தார். நன்றாகத் தூக்கம் வருகிறது, தலைவலி குறைகிறது, மணம் மட்டும் வரவில்லை என்று வைத்தியரிடமே அவள் நேராகச் சொன்னாள். அவரும் நல்ல மனுஷர், ஒப்புக்கொண்டார்.

பிறகு உப்புத் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கு வழியாக விட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சாமல் மட்டும் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். முதல் நாள் பாதித் தண்ணீர் தொண்டைக்குப் போய், அவள் இருமிய இருமலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். போகப் போகக் கை பழகிவிட்டது. ஆனால் நாத்தனாருக்குத்தான் பொறுமை எல்லை தாண்டிவிட்டது. ஆபரேஷன் தேதி நெருங்குகிறதே, வெறும் உப்பை நம்பிக்கொண்டு இவள் இப்படி நிற்கிறாளே என்று தவித்தார். மேல்தட்டிலிருந்து, கடைக்கு வந்த ஒருவர் கொடுத்திருந்த யூகலிப்டஸ் தைலப் புட்டியை எடுத்து, தினமும் சாயங்காலம் அவள் தலையணை உறைக்குள் கொஞ்சம் தடவிவைத்தார். அவளுக்குத்தான் மணம் தெரியாதே. தம்பிக்குத் தெரிந்தது, மனைவியே தடவிக்கொள்கிறாள் என்று நினைத்து அவன் பாட்டுக்குத் தூங்கினான்.

சில நாளிலேயே மெக்கானிக்கம்மாவின் முகம் தெளிந்தது. காலையில் மூக்கில் ஜில்லென்று காற்று போகிறது, உப்புத் தண்ணீர்தான் வேலை செய்கிறது, மணமும் வந்துவிடும் என்றாள். நாத்தனார் உள்ளுக்குள் பூரித்துப்போனார். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் பகீரென்றது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டருக்குப் போன் பண்ணப்போகிறாளாம்.

அன்று கடையில் நாத்தனார் ஒரு வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டார். எது வேலை செய்தது, உப்பா, தைலமா? அவருக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்றை நம்பி இவள் டாக்டரை வேண்டாம் என்கிறாள். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் அவளுடைய மூக்கு போகும். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, தலையணையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"தைலம் தடவினேன். தினமும். நீ போன் பண்ணாத."

மெக்கானிக்கம்மா தலையணையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நானாக இருந்தால் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருப்பேன் என்று நாத்தனார் நினைத்துக்கொண்டார். அவள் எழுந்து உறையைக் கழற்றினாள்.

"இதைத் துவைச்சுப் போடுங்க அண்ணி. முதல்லேருந்து ஆரம்பிச்சிடுறேன்."

ஆரம்பித்தாள். தைலம் போனதும் அந்த ஜில்லென்ற காற்றும் போய்விட்டது. உப்புத் தண்ணீர் சளியைக் கழுவியது, நெற்றிப் பாரத்தை இறக்கியது. சதையை அதனால் அசைக்க முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, குறித்த தேதிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். இவளைப் போல ஒருத்தியைத் தன் கடைக்கு வந்த கூட்டத்தில்கூடப் பார்த்ததில்லை என்று நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூச்சு தாராளமாக வந்தது. மணம் வரவில்லை. உப்புத் தண்ணீரை விடாதீர்கள், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். அவள் விடவில்லை. வாரங்கள் போயின. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு மாலை, மைதானத்தில் ஆடிவிட்டு மகள் வந்தாள். மண்டையெல்லாம் மண், சட்டையெல்லாம் வியர்வை, ஏதோ ஒரு நனைந்த நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு புரண்டிருக்கிறாள். நாத்தனார் அவளைக் குளியலறைக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். வழியில் நின்ற மெக்கானிக்கம்மா திடீரென்று குனிந்து, மகளின் தலையில் மூக்கைப் புதைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ நாறுறா அண்ணி," என்றாள். "எல்லாரும் பால் மணம்னு சொன்னீங்களே."

"அது எப்பவோ போயிடுச்சும்மா. இப்ப இதான் உன் பொண்ணு."

அம்மா விடு, கூசுது என்று மகள் நெளிந்தாள். அவள் விடவில்லை. வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு மட்டும் குளிப்பாட்டாதீங்க அண்ணி."

நாத்தனார் போய்க் குழாயை மூடினார்.