அக்கா சொன்ன சாட்சி

எங்கள் சபை ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் வழியில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். வேலை கிடைத்தவர், விபத்தில் தப்பியவர், பிள்ளை பரீட்சையில் தேறியவர் எல்லாரும் முன்னால் போய் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் செய்ததைச் சொல்வார்கள். நாங்கள் கை தட்டுவோம். குறுக்குக் கேள்வி யாரும் கேட்பதில்லை. சாட்சியைச் சந்தேகப்படுவது ஆண்டவரையே சந்தேகப்படுவது என்பது எங்கள் எண்ணம்.

ஒரு ஞாயிறு முன்னால் போனவர், சபையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"கர்த்தர் எனக்குச் சொகம் குடுத்துட்டாரு. டாக்டர் செக் பண்ணிப் பாத்தாரு. கிட்னி நல்லா வேலை செய்யுதாம். இனிமே ரத்தம் கழுவ வேணாம்னுட்டாரு" என்றார்.

கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். அல்லேலூயா சத்தத்தில் கீழே டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்திருப்பான். எனக்கு மட்டும் கை எழவில்லை. 

காரணம் இருக்கிறது. என் கணவர் கடைசி வருடங்களில் டயாலிசிஸ் மிஷினை நம்பித்தான் உயிரோடிருந்தார். செத்துப்போன கிட்னி மறுபடி வேலை செய்ததாக அவர் போய்வந்த டயாலிசிஸ் நிலையத்தில் நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு, வீட்டில் சும்மா கிடந்த அவருடைய வேனை எடுத்து, நோயாளிகளை அங்கே ஏற்றி இறக்க ஆரம்பித்தேன். செவ்வாய், வியாழன், சனி. ஆண்டவருக்கு என்னால் செய்ய முடிந்த ஊழியம் அதுதான். பாடவும் வராது, பிரசங்கமும் வராது. முதலில் ஏறியவர் இந்த அக்காதான். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் தனியாக இருந்தார். புருஷன் பிள்ளை கிடையாது. தோட்டம் இருந்தவரை பால்மரம் வெட்டியவர்.

ஆராதனை முடிந்ததும் நேரே பாஸ்டரிடம் போனேன். "எந்த டாக்டர்னு கேட்டீங்களா பாஸ்டர்?"

"சிஸ்டர், அவங்க விசுவாசத்தக் கெடுத்துராதீங்க லா" என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விசுவாசம் ரத்தத்தில் ஏறுகிற பொட்டாசியத்தை இறக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. படி இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் அக்கா வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அவர் கேட்டைத் திறக்காமலே, "வேணாம் தங்கச்சி, நீ சாட்சி கேக்கலயா? போ போ, மத்தவங்களுக்கு நேரமாவுது" என்றார். வேனில் இருந்தவர்களுக்கு நிஜமாகவே நேரமாகிக்கொண்டிருந்தது. கிளம்பினேன்.

நிலையத்தில் ஆளுக்கு ஒரு நாற்காலி. அக்காவுடையது ஜன்னல் ஓரம். அதில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அதே தாமானில் குடியிருப்பவள், எங்கள் சபைக்கும் வருபவள். சின்ன வயது, பால்குடி மறக்காத பிள்ளை வேறு. அதுவரை அவளுக்கு எங்கேயும் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் மிஷின் காலியாக இருந்தால் செய்வார்கள். இல்லாத அன்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அடுத்த இடம் அவளுக்குத்தான் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்த நர்ஸை, நாங்கள் மிஸி என்போம், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒங்க அக்கா லூமுட்ல தங்கச்சி வீட்டுக்குப் போறாங்களாமே? அங்க எடம் கெடச்சிருச்சின்னு அவங்களே வந்து சொன்னாங்க. அடுத்தது யாருன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் போனாங்க."

அக்காவுக்கு லூமுட்டில் யாரும் இல்லை. எங்கேயுமே யாரும் இல்லை.  வேனை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு ஓட்டினேன்.

"சபையில ஒரு பொய், மிஸிகிட்ட ஒரு பொய். என்னக்கா பண்ணிட்டு இருக்கீங்க?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அவர் மறுக்கவில்லை. உள்ளே வரச்சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை; மிஷின் இல்லாமல் குடித்த நீர் உடம்பிலேயே நிற்கும்.

"சாட்சின்னு சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதான் சொன்னேன். தோட்டத்துல வயித்துப்பிள்ளக்காரிக்கு முடியலன்னா, அவ பங்கு மர நெரைய நாங்க எடுத்துப் பால் வெட்டிக் குடுப்போம். யாரும் பெருசா பேச மாட்டோம். அது மாதிரிதான்."

"அது மரம்கா. இது உசுரு."

"நாக்காலி காலியாவுதுன்னா என்ன அர்த்தம்? ஒரு ஆளு செத்திருக்கணும். ஒன் புருஷனுக்கு எடம் கெடச்சப்ப நீ மைக்கப் புடிச்சி ஸ்தோத்திரம் சொன்னியே. அந்த நாக்காலில முன்னாடி யாரு இருந்தான்னு கேட்டியா?"

கேட்டதில்லை. அந்த எண்ணமே எனக்கு வந்ததில்லை. ஆண்டவர் இடம் திறந்தார் என்று சபைக்கு முன்னால் கண்ணீரோடு சொன்னவள் நான். அன்றைக்கு ஏதோ ஒரு வீட்டில் சவப்பெட்டி இருந்திருக்கும். கையில் இருந்த மைலோவை மேசையில் வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொன்னீன்னா அவ எந்திரிச்சிருவா. அப்ப அந்தப் பிள்ளைக்கு நீ ஆத்தாவா?" என்றார். புதன் போனேன். வியாழன் போனேன். ஒவ்வொரு நாளும் முகம் இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தது. பாஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெளுத்துப் போய், வெள்ளிக்கிழமை உபவாசத்தில் பாரமாக ஜெபிக்கலாம் என்றார். அடக் கடவுளே என்று ஆகிவிட்டது எனக்கு.

வெள்ளி பகல் உபவாச ஜெபத்துக்கு அக்கா வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தார். படி ஏறிவிட்டு நெடுநேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். சாட்சி நேரத்தில் அந்தப் பெண், தன் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி எழுந்து வந்தாள். "ஆண்டவர் எனக்கு ஒரு இடம் தெறந்தாரு" என்று ஆரம்பித்தாள். என் வார்த்தைகள். அப்படியே என் வார்த்தைகள். எல்லாரையும்விட உரக்கக் கை தட்டியவர் அக்கா.

என்னால் தாங்க முடியவில்லை. போய் மைக்கை வாங்கினேன்.

"அக்காவுக்குச் சொகமாவல. அவங்க தன் நாக்காலிய விட்டுக் குடுத்துட்டுச் செத்துக்கிட்டு இருக்காங்க."

என் பேச்சை அமுக்க பாஸ்டர் கீபோர்டு பக்கம் கையைக் காட்டினார். பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்திப் பாடினார்கள். ஒரு உயிர் போகிறது என்று சொல்கிறேன், இவர்கள் பாடுகிறார்கள்.  அந்தப் பெண், தன் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போனாள். கீபோர்டும் ஸ்பீக்கரும் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்; பாட்டு நின்றது.

அந்த அமைதியில் அக்கா மூச்சு வாங்குவது எல்லாருக்கும் கேட்டது.

அவளும் இதே நோய்க்காரி. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு டாக்டர் தேவையில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கி, கட்டை விரலால் அழுத்தி எடுத்தாள். நீர் கோத்த காலில் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. சபை முழுவதும் அந்தக் குழியைப் பார்த்தது. பாஸ்டர்தான் முதலில் அழுதார். அக்காவைத் தூக்கி வேனில் வைத்தவரும் அவர்தான்.

பெரியாஸ்பத்திரியில் உடனே மிஷினில் போட்டார்கள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். நாற்காலி எனக்கு வேண்டாம் என்று அந்தப் பெண் ஒரே அழுகை. "நீ எந்திரிச்சா நான் திரும்பச் சாட்சி சொல்லுவேன்" என்று அக்கா மிரட்டி அவளை அனுப்பினார். பாஸ்டர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடைசியில் ஒரு மணி நேரம் தள்ளி, தைப்பிங்கில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே யாருடைய நாற்காலி காலியானது என்று இந்த முறை நான் விசாரித்தேன். இறந்துபோன ஒரு வாத்தியாருடையது.

இப்போது திங்கள், புதன், வெள்ளியும் எனக்கு ரோடுதான். அக்கா வேனின் பின் இருக்கையில் உட்கார்ந்து வருவார். வெகு நாள் என்னோடு பேசவே இல்லை. போன வாரம் தைப்பிங் மழையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று வாயைத் திறந்தார்.

"என் சாட்சியப் பொய்யாக்கிட்ட."

"அது பொய்தானேக்கா?"

"பொய்தான். நான் அவளுக்குக் குடுத்தது பொய்யா?"

இல்லை என்றேன். என் கணவருக்காக யாராவது அப்படித் தன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தால், தெரிந்த பிறகும் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன்.