தம்பி கால்சட்டை போட்ட நாள்

வெள்ளைக்காரப் பையன்களின் பழங்கால உடுப்புகளில் பார்த்த தையலைப் போல நான் பிறகு கண்டியில் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பார்த்ததும் ஒரே ஒரு நாள்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர். அம்மா கொழுந்து பறித்தாள். தம்பிக்கு ஐந்து வயது.

தம்பி கவுன்தான் போட்டிருப்பான். இரட்டைச் சடை, மூக்கில் சின்ன வளையம். அவனுக்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தவறிவிட்டார்கள். இவனைப் பெண்ணாக உடுத்தி வைத்தால் எமன் ஆள் தெரியாமல் தாண்டிப் போய்விடுவான் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஏழு வயது வரைக்கும் என்று நேர்ந்திருந்தாள். எமன் அவ்வளவு ஏமாளியா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் பூப்போட்ட கவுனை அவன் சேற்றில் புரட்டுகிறானே என்பதுதான் என் கவலை.

ஜனவரியில் அவனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனேன். வாசலிலேயே பையன்கள் வளைத்துக்கொண்டார்கள்.

“ஏய் ராசாத்தி, மாப்பிள்ள பாத்தாச்சா?”

“சடையில பூவக் காணோமே!”

தம்பி திரும்பி ஓடியவன்தான். மறுநாள் எங்கள் லயத்து வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “கால்சட்ட குடுத்தாதான் போவேன்” என்றான்.

“படிக்காட்டிப் போகட்டும். உசிரோட இருந்தாப் போதும்” என்றாள் அம்மா.

“கையெழுத்துப் போடத் தெரியாத ஆளாவா இவனும் கெடக்கணும்?” என்று அப்பா கேட்டார். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒரு வாரம் இப்படியே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சீமைக்கே திரும்பிப் போகவிருந்த பங்களாத் துரைசாணி, பழைய ட்ரங்குப் பெட்டிகளை ஒழுங்குபடுத்த அம்மாவை அழைத்தார். நாங்களும் பின்னால் போனோம். புல்தரையில் வெள்ளைத் துணி விரித்து, உடுப்புகளை வெயில் காட்டியிருந்தார்கள். எல்லாம் துரைசாணியின் அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது போட்டவை. இன்றைக்கு நூற்று முப்பது வருசமாவது இருக்கும்.

கறுப்பு வெல்வெட்டில் ஒரு கோட்டு, அதற்கு உள்ளங்கை அகலத்தில் பின்னல் வேலை செய்த கழுத்துப்பட்டி. முழங்காலுக்குக் கீழே பொத்தான் வைத்து இறுக்கிய கால்சட்டை. கப்பல்காரர்கள் போடுவது மாதிரி முதுகில் சதுரமாக விழும் நீலப்பட்டியும், அதில் மூன்று வெள்ளைக் கோடுகளும் வைத்த ஒரு சட்டை. நான் யாருக்கும் தெரியாமல் அதைப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே இருந்தது. ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டில்லை. சிப்பிப் பொத்தான்கள் வெயிலில் மினுங்கின. ஒரு பிள்ளைக்காக இவ்வளவு பொறுமையாக யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்களே என்று அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

அவற்றுக்கு நடுவே அட்டையில் ஒட்டிய ஒரு படம். மடிப்பு மடிப்பான வெள்ளைக் கவுன் போட்டு, தோளில் சுருள்முடி விழ ஒரு குழந்தை நின்றது.

“இந்தப் பொம்பளப் புள்ள யாருங்க?” என்று அம்மா கேட்டாள்.

“பொம்பளை இல்லே. என் அப்பா” என்றார் துரைசாணி.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெரியவர் மீசையோடு பங்களாக் கூடத்தில் படமாகத் தொங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அப்பாவை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“கேளுங்க. இவருக்கு முந்தி எத்தன புள்ள போச்சுன்னு கேளுங்க.”

துரைசாணிக்குத் தமிழ் அரைகுறை. அப்பா இங்கிலீசில் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே வெகுநேரம் பேசினார். செத்த பிள்ளைகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் சிரித்துத்தான் பேசுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா தம்பியின் சடையை ஒருமுறை பார்த்தார்.

“ரெண்டு போச்சாம். அதுனாலதான் கவுனாம். அஞ்சு முடிஞ்சதும் கால்சட்ட போட்டுட்டாங்களாம். எம்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தாராம்.”

“அஞ்சு போதுமாமா?”

“போதுமாம்.”

துரைசாணி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். கோடு போட்ட அந்தச் சட்டையையும் அதற்கான கால்சட்டையையும் எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார்.

அம்மாதான் சடையைப் பிரித்தாள். பொத்தான் போட்டது அப்பா. ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு தடவை கழற்றிப் போட்டார். பொத்தான் துளை சின்னது என்று நினைத்தேன். தம்பி பாக்கெட்டுக்குள் கையை விட்டவன் எடுக்கவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒருவன், “தொரைக்குச் சலாம்!” என்றான். தம்பி, “ம்” என்று சொல்லி உள்ளே போனான்.

போன மாதம் என் பேத்தி போனில் பழைய படங்களைக் காட்டினாள். அந்தக் காலத்து வெள்ளைக்கார வீடுகளில் எல்லா ஆண் பிள்ளைக்கும் ஐந்தாறு வயது வரை கவுன்தானாம். சாவும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. வெறும் வழக்கமாம். துரைசாணி சிரித்துச் சொன்னது அதைத்தான். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து தினமும் பகல் மணி அடிக்கும்போது, அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு அப்பா பள்ளிக்கூடத்து வேலியோரம் வந்து நிற்பார். தம்பி வெளியே வந்ததும் ஒரு பார்வை பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். உடுப்பின் அழகைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒரு வருசத்தில் அது அவனுக்குச் சின்னதாகிவிட்டது. அப்பா வருவது நிற்கவில்லை.

தம்பிக்கு, அம்மா நேர்ந்திருந்த அந்த ஏழு வயது முடிந்த மறுநாள் அவர் வரவில்லை. எங்கள் மேல் என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் வேலியோரம் வெகுநேரம் நின்றோம்.